மூக்கு வழியே போனால் மூளைக்குப் போய்விடாதா?

சென்ற மாதம் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் முகாமில் பேசப் போயிருந்தேன். மருத்துவமனையில் பயன்படும் கருவிகளைப் பற்றிய பேச்சு. தாடை உடைந்தவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது சுவாசக் குழாயை வாய் வழியாகப் போடாமல் மூக்கு வழியாகப் போடுவார்கள் என்று இடையில் ஒரு வரி சொன்னேன். கடைசி வரிசையில் சன்னலோரம் இருந்த ஒரு மாணவன் கையைத் தூக்கினான்.

“சார், மூக்கு வழியா விட்டா குழாய் மூளைக்குள்ள போயிடாதா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். “அதெல்லாம் போகாதுப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவினேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். மயக்க மருந்து நிபுணர்களே தங்களைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. சிரித்தவர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், சரியான பதில் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. நம் பள்ளிப் பாடங்களில் உடலின் பாகங்களுக்குப் பெயர் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம். அந்தப் பாகங்களுக்கு இடையே வழி எப்படிப் போகிறது என்று கற்றுக்கொடுப்பதில்லை. மூக்கு வழிக் குழாய் அதற்கு நல்ல உதாரணம். அந்த வேலையில் கருவியைவிட வழி தெரிந்திருப்பதுதான் நோயாளியைக் காப்பாற்றுகிறது.

முதலில், குழாய் எதற்கு? பெரிய அறுவைச் சிகிச்சைகளில் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பார்கள். மூச்சு விடுவதும் தசைகளின் வேலைதான். அவை தளர்ந்தால் மூச்சு நிற்கும். அதனால் வாய் வழியாக ஒரு குழாயைக் குரல் நாண்களுக்கு இடையே செலுத்தி, மூச்சுக்குழாயில் நிறுத்தி, இயந்திரத்தின் மூலம் காற்றைக் கொடுப்பார்கள். குடல்வால், இதயம் என்று எதற்குச் சிகிச்சை நடந்தாலும் பெரும்பாலும் இதுதான் முறை.

சிக்கல் எப்போது வருகிறது? சிகிச்சையே வாயில் நடக்கும்போது. அறுவை மருத்துவருக்கும் வாய் வேண்டும், மயக்க மருந்து நிபுணருக்கும் வாய் வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பேனாவைப் பற்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் சேர்த்துக் கடிக்க முயலுங்கள். முடியாது. தாடை அறுவையில் முழுப் பிரச்சினையும் இதுதான். உடைந்த தாடையை எந்த இடத்தில் பொருத்துவது என்பதை அறுவை மருத்துவர் எலும்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை, கடியைப் பார்த்தும் முடிவு செய்கிறார். மேல்வரிசைப் பற்களின் பள்ளங்களில் கீழ்வரிசைப் பற்களின் மேடுகள் விபத்துக்கு முன்பு எப்படி உட்கார்ந்தனவோ அப்படியே உட்கார வேண்டும். இரண்டு வரிசைகளையும் கம்பியால் இறுக்கிக் கட்டி, கடி சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகே டைட்டானியத் தகடுகளைத் திருகால் பொருத்துவார்கள். இதில் சிறு பிசகு நேர்ந்தால்கூட அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட வேண்டியிருக்கும். விரல் பருமனுள்ள குழாய் வாயில் கிடந்தால் இது எதுவும் நடக்காது.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிழைத்துக்கொள்பவர்களில் பலருக்குத் தாடையும் கன்ன எலும்பும் உடைந்திருக்கும். ஆகவே இது எங்கோ நடக்கும் அபூர்வச் சிகிச்சை இல்லை.

இந்த முறை வளர்ந்த கதைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் நின்று சண்டையிட்ட வீரர்கள் தலையை வெளியே நீட்டியபோது முகத்தில் குண்டடி பட்டார்கள். மூக்கு இல்லாமல், தாடை இல்லாமல் திரும்பி வந்தவர்களுக்காக இங்கிலாந்தின் சிட்கப் என்ற ஊரில் 1917இல் ‘குவீன்ஸ் மருத்துவமனை’ திறக்கப்பட்டது. அங்கே முகத்தை மீட்டமைக்கும் அறுவைகளை நடத்தியவர் நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்ட் கில்லிஸ். அவரைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவருடைய நோயாளிகளை மயக்கத்தில் வைத்து மூச்சு விட வைத்த ஐவன் மெகில், ஸ்டான்லி ரோபோதம் என்ற இருவரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஈதர், குளோரோஃபார்ம் ஆவியை முகமூடி வழியாகத்தான் கொடுப்பார்கள். இங்கே காயமே முகத்தில்தான். முகமூடியை எங்கே வைப்பது? மெல்லிய குழாய் ஒன்றைத் தொண்டைக்குள் விட்டு ஈதர் ஆவியை ஊதிப் பார்த்தார்கள். உள்ளே போன ஆவி வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அது இரத்தத்தோடு சேர்ந்து, குனிந்து நிற்கும் அறுவை மருத்துவரின் முகத்திலேயே அடித்தது. பிறகு உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று இரண்டு குழாய்கள் போட்டார்கள். கடைசியில், அகலமான ஒரே ரப்பர் குழாய் இரண்டு வேலையையும் செய்யும் என்று கண்டுகொண்டார்கள்.

அந்தக் குழாயை மெகில் மூக்கு வழியாகப் போட்டார். மூக்கு வழிக் குழாயைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர் ஃபிரான்ஸ் கூன் 1902இலேயே எழுதியிருந்தார். அதைக் கண்ணால் பாராமலே, அன்றாடம் செய்யக்கூடிய வேலையாக்கிக் காட்டியது மெகிலின் சாதனை. நோயாளி தானாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். மெகில் குழாயை மூக்கில் நுழைத்து, அதன் வெளிமுனையில் காதை வைத்துக் கேட்பார். மூச்சுக்குழாய் வாசலை நெருங்க நெருங்க மூச்சின் ஓசை பலமாகும். ஓசை திடீரென்று நின்றுவிட்டால் குழாய் உணவுக்குழாய்ப் பக்கம் தடம் மாறிவிட்டது என்று பொருள். சற்றே பின்னால் இழுத்து, தலையை லேசாகச் சாய்த்து, மறுபடி கேட்பார். காலையில் சன்னலைத் திறந்து குளிர்ந்த காற்றை முகர்பவரைப் போலத் தலையை வைக்க வேண்டும் என்பது அவர் கற்றுக்கொடுத்த பாடம். இன்றைய மாணவ மருத்துவர்களுக்கும் அந்தத் தலை நிலையைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

குழாய் முனையைத் தொண்டையில் பிடித்துத் திசை திருப்ப 1920இல் அவர் ஓர் இடுக்கியை வடிவமைத்தார். பிடிக்கும் கை பார்வையை மறைக்காதபடி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். ‘மெகில் இடுக்கி’ இன்றும் அதே பெயரில், ஏறக்குறைய அதே வடிவத்தில் அறுவை அரங்குகளில் இருக்கிறது. நூறு ஆண்டுகளாக மாறாத ஒரு பொருளை உங்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். கத்தரிக்கோல், ஊசி தவிர வேறு கிடைப்பது கடினம்.

சரி, அந்த வழிக்கு வருவோம்.

மூக்கின் வெளித்தோற்றம் நம்மை ஏமாற்றுகிறது. நுனியிலிருந்து புருவத்தை நோக்கி அது மேலே ஏறுகிறது. அதனால் உள்ளே போகும் வழியும் மேலே ஏறும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மாணவன் மூளையைப் பற்றிக் கேட்டதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். இப்போது நாக்கின் நுனியால் உங்கள் மேல் அண்ணத்தை முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள். உங்கள் வாயின் கூரைதான் மூக்கின் தரை. அது கிட்டத்தட்டச் சமதளமாகப் பின்னோக்கிப் போகிறது. ஆக, மூக்கின் வழி நேராகப் பின்னால், காதுகள் இருக்கும் திசையில் போகிறது. மேலே ஏறவில்லை.

கோவிட் காலத்தில் கிளினிக்கில் நீண்ட குச்சியை மூக்கில் விட்டுப் பரிசோதித்தார்களே, நினைவிருக்கிறதா? தாதியர் குச்சியை நேராகப் பின்னோக்கித்தான் தள்ளினார்கள். அது மூளையைத் தொட்டது போல் கண்ணீர் வந்தாலும், குச்சி போனது தொண்டையின் மேற்பகுதிக்குத்தான்.

இந்தத் தரையின் மேல் இரு பக்கச் சுவர்களிலும் அலமாரித் தட்டுகள் போல மூன்று மூன்று சுருள் எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவாசிக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அவற்றின் வேலை. அதற்காகவே அவற்றின் மேல்தோலில் இரத்த நாளங்கள் நிறைந்திருக்கின்றன. நடுச்சுவரின் முன்பகுதியிலும் அப்படி ஓர் இரத்த நாளக் கூட்டம் உண்டு. நம்மில் பலருக்கு மூக்கில் இரத்தம் வருவது அங்கிருந்துதான். குழாய் போக வேண்டிய இடம், அடித்தட்டுக்குக் கீழே, தரையை ஒட்டிய குறுகலான சந்து. அதன் முடிவில் வழி சட்டென்று கீழ்நோக்கித் திரும்பித் தொண்டைக்குள் இறங்குகிறது. முரட்டுத்தனமாகத் தள்ளினால் குழாய் திரும்பாமல் பின்சுவரைக் கிழித்துவிடலாம்.

இரத்தம் கொஞ்சம் வந்தால் என்ன, துடைத்துவிட்டால் போகிறது என்று தோன்றலாம். மல்லாந்து படுத்திருக்கும் மயங்கிய மனிதரின் மூக்கிலிருந்து வரும் இரத்தம் தொண்டைக்குத்தான் வடியும். குரல் நாண்களைத் தேடும் மருத்துவரின் பார்வையை அது மறைக்கும். நோயாளி மூச்சு விடாத நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்வை மறைவது சின்ன விஷயம் இல்லை.

இதைத் தடுக்க அவர்கள் செய்வதைக் கேட்டால் உங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். அவ்வளவு எளிமை. முந்தியே நோயாளியை ஒவ்வொரு துவாரத்தையும் மாற்றி மாற்றி மூடி மூச்சு விடச் சொல்லி, எது தாராளமான பக்கம் என்று பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு நடுச்சுவர் ஓரளவு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். சளிக்கு நாம் மருந்தகத்தில் வாங்கும் சொட்டு மருந்து இருக்கிறதே, அதே வகை மருந்தை மூக்கில் விட்டு இரத்த நாளங்களைச் சுருக்குவார்கள். நாளம் சுருங்கினால் வழியும் அகலமாகும், இரத்தமும் குறையும். வாய் வழிக்கு எடுப்பதைவிடச் சிறிய குழாயை, சுமார் 6 முதல் 7 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ளதை, எடுப்பார்கள். வழுக்குவதற்குக் களிம்பு தடவுவார்கள். குழாயின் முனையை வெதுவெதுப்பான தூய நீரில் ஊற வைப்பார்கள்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. குழாய் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான், குழைவாக்கும் பொருள் சேராததால் விறைப்பாக இருக்கிறது. சூடு பட்டால் இளகும் பிளாஸ்டிக் வகை அது. இளகிய குழாய் சுவரில் மோதினால் வளைந்து கொடுக்கும், விறைத்த குழாய் குத்தும். படிவம் 5 வேதியியலில் நீங்கள் படிக்கும் பாலிமர் பாடம் ஒரு கிண்ணம் வெந்நீரில் நோயாளியின் மூக்கைக் காப்பாற்றுகிறது. சிலர் குழாயின் முனையில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைத் தொப்பி போல மாட்டி, அதை வழிகாட்டியாக முன்னே அனுப்புவதும் உண்டு.

உள்ளே போன பிறகு குழாயின் முனையில் இருக்கும் சிறு பலூனை ஊதுவார்கள். வாயில் நடக்கும் அறுவையின் இரத்தம் நுரையீரலுக்குள் இறங்காமல் அது அடைத்துக்கொள்ளும். இந்தப் பலூன் உண்மையிலேயே நீர் புகாமல் அடைக்கிறது என்று காட்ட, 1920களில் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெடல் ஒரு நாயை மயக்கி, குழாய் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்தார். நாய் மயக்கம் தெளிந்து, உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது. அதன் பெயர் ஏர்வே, அதாவது காற்றுவழி. இன்று இப்படிச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. நல்லதுதான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “இப்போதுதான் கேமரா வந்துவிட்டதே” என்பீர்கள். வந்திருக்கிறது, பெரிய உதவியும் செய்கிறது. 1967இல் லண்டனில் பீட்டர் மர்ஃபி என்ற மருத்துவர், பித்த நாளத்தைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒளியிழைக் கருவியை எடுத்து, அதன் மேல் சுவாசக் குழாயைக் கோத்து, மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் கொண்டுபோனார். வேறு உறுப்புக்குச் செய்த கருவி அது. வாய் திறக்க முடியாத நோயாளிகளுக்கு அது பெரிய வழியைத் திறந்துவிட்டது.

அப்படிப்பட்ட நோயாளிகள் நமக்கு அந்நியர்கள் இல்லை. தோட்டங்களில் வெற்றிலை பாக்கு மென்ற பாட்டிகளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பாக்கை நீண்ட காலம் மெல்லுவதால் வாயின் உட்சதை நார் போல இறுகி, போகப் போக இரண்டு விரல் நுழையும் அளவுகூட வாய் திறக்க முடியாமல் போகலாம். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகம் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். இவர்களுக்கு அறுவைச் சிகிச்சை என்று வரும்போது, பல நேரங்களில் விழித்திருக்கும்போதே மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, ஒளியிழைக் கருவியால் குழாயைப் போடுகிறார்கள். நோயாளி பயந்துபோய்க் கிடக்கும் அந்த நேரத்தில், அவருக்குப் புரியும் மொழியில் பேசிக்கொண்டே செய்யத் தெரிந்த மருத்துவர் கிடைப்பது பாக்கியம்.

இப்போது பரவலாக உள்ள காணொளிக் கருவி வேறு வகை. அதை வாய்க்குள் வைத்தால் தொண்டையும் குரல் நாண்களும் திரையில் பளிச்சென்று தெரியும். ஆனால் அது காட்டுவது தொண்டையைத்தான். மூக்கு வாசலிலிருந்து தொண்டை வரையிலான முதல் பகுதியைக் குழாய் கடக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அங்கே மருத்துவரின் விரல்களுக்குத் தெரியும் தடையும், மனத்தில் இருக்கும் வரைபடமும்தான் துணை. தடை தெரிந்தால் தள்ளக்கூடாது, நிறுத்தி, சற்றே சுழற்றி, வழி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மறு துவாரம்.

இனி அந்த மாணவனுக்குப் பதில் சொல்ல முடியும். மூளை இருப்பது மூக்கின் தரைக்குப் பின்னால் அல்ல, கூரைக்கு மேலே. அந்தக் கூரையில் சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. வாசனையை உணரும் நரம்புகள் அதன் துளைகள் வழியாக இறங்குகின்றன. தரையை ஒட்டிப் போகும் குழாய்க்கு அந்தக் கூரையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சாதாரண மனிதருக்கு, மூளைக்குள் போகாது.

ஆனால் தாடை உடைந்து வருபவர் சாதாரண நிலையில் வருவதில்லை. தலையில் பலமாக அடிபட்டவரின் மண்டையோட்டின் அடிப்பகுதியும் அந்தச் சல்லடை எலும்பும் உடைந்திருக்கலாம். அப்படி உடைந்த இடம் வழியாக, மூக்கில் விட்ட குழாய் மண்டைக்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வயிற்றுக்குப் போட்ட மெல்லிய குழாய்களில் இது நடந்திருக்கிறது. அதனால்தான் விபத்து நோயாளியின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிகிறதா, இரண்டு கண்களைச் சுற்றியும் கருமையாகக் கன்றியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள், சிடி ஸ்கேன் படத்தைப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மூக்கு வழியைத் தவிர்க்கவே பார்ப்பார்கள்.

வாயும் ஆகாது, மூக்கும் ஆகாது என்றால்? 1986இல் ஸ்பெயின் நாட்டு அறுவை மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் அல்தெமீர் ஒரு வழி சொன்னார். குழாயை முதலில் வாய் வழியாகவே போட்டுவிட்டு, தாடைக்கு அடியில் சிறிய கீறல் இட்டு, குழாயின் வெளிமுனையை வாயின் தரை வழியாக அந்தக் கீறலுக்கு இழுத்துக்கொள்வது. பற்களைச் சேர்த்துக் கடிக்க வைக்கலாம், மூக்கும் தப்பிக்கும். இவரும் புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே இருந்த குழாய்க்கு வேறு வழி பார்த்தார், அவ்வளவுதான்.

இதெல்லாம் மருத்துவர்கள் படித்துக்கொள்ளட்டும், இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு எதற்கு என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பாடத்திட்டமே முடிக்க முடியாமல் அல்லாடுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பில் ஒருவருக்கு மூக்கில் இரத்தம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? நான் பார்த்த வரையில் பலரும் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, மூக்கின் மேல் எலும்பைப் பிடிக்கிறார்கள். அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குப் போகும். எலும்பை எவ்வளவு அழுத்தினாலும் அதற்குக் கீழே உள்ள நாளம் அடைபடாது. உட்கார்ந்து, தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள மென்மையான இடத்தை இறுகப் பிடித்து, வாயால் மூச்சு விட்டபடி பத்து நிமிடமாவது விடாமல் இருக்க வேண்டும். மேலே சொன்ன அதே வரைபடம்தான். அறுவை அரங்கில் நிபுணருக்கு வேண்டியதும், பள்ளித் திடலில் உங்களுக்கு வேண்டியதும் ஒன்றே.

படிவம் 3 அறிவியலில் சுவாசப் பாடத்துக்கு வரும் படத்தைத் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் வெட்டிய தலை, அம்புக்குறிகள், பெயர்கள். தேர்வில் அம்புக்குறிக்கு நேரே பெயரை எழுதினால் புள்ளி கிடைக்கும். அதே படத்தைக் கொடுத்து, ‘இந்தத் துவாரத்தில் நுழையும் குழாய் மூச்சுக்குழாய்க்குப் போக எங்கெங்கே திரும்ப வேண்டும், எங்கே தவறிப்போகலாம்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? கூடுதல் பாடம் எதுவும் வேண்டாம். இருக்கிற படமே போதும். மனப்பாடம் செய்தவர் திணறுவார், கடைசி வரிசையில் இருப்பவர் எழுதிவிடுவார்.

அன்று மணி அடித்ததும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. தம்பி, இதைப் படித்தால், அன்று கேட்காமல் விட்ட அடுத்த கேள்வியையும் எழுதி அனுப்பு.